சருகுக்குள் ஒரு விருந்தாளி

கரவனெல்லவில் உறைபனி ஏது? ஜனவரி கடைசியில் இறப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்பதுதான் நம் குளிர்காலம். சுபஹுத் தொழுதபின் பிள்ளைகளோடு களனி கங்கைப் பக்கம் சற்று நடந்து பாருங்கள். ஈர ஓரத்தில் வல்லாரை படர்ந்திருக்கும். சம்பலுக்குப் பறிக்கலாம், புல்லுக்கு மருந்து அடித்த இடமென்றால் தொடாதீர்கள்.

சருகுக்குள் இரட்டை விசில் கேட்கிறதா? பச்சை முதுகு, குட்டை வால், வாலடியில் சிவப்பு. அதுதான் ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, ஒக்டோபர் வாக்கில் கடல் தாண்டி வருகிறது. ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். சருகைக் கிளறிப் பிடிக்கும் புழுபூச்சிதான் அதன் உணவு. நாமோ வளவைக் கூட்டித் தீ வைக்கிறோம்!

எங்கள் பலாமரத்தடிச் சருகை இவ்வருடம் விட்டுவைத்தோம். வளவு அசிங்கமாய்க் கிடக்கிறதென்று உம்மா முணுமுணுக்கிறார்.