பிளாக்செயின் வட்டம் மீண்டும் கூட வேண்டும்

பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டதும் வணிகப் பெருமக்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிட்காயின், சூதாட்டம், பணத்தை விட்ட பிள்ளைகள் என்ற வகையில்தான் அச்சொல் நம் காதில் விழுந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் நமது ஊர் இளைஞர்கள் சிலர், பெரும்பாலும் நம் கடைக்காரர்களின் பிள்ளைகளே, இதைப் படிப்பதற்கென்று ஒரு வட்டம் அமைத்து, சங்கக் கட்டட மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடி வந்தார்கள். அந்த அறையில் இன்று பழைய மாநாட்டுத் தட்டிகள்தான் கிடக்கின்றன. அவ்வட்டத்தை மறுபடியும் தொடங்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் நான் கூறியபோது, "உங்களுக்கு எதற்கு அண்ணாச்சி இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அதற்கான பதிலே இக்கட்டுரை.

வட்டம் ஏன் நின்றது என்பதை முதலில் பார்ப்போம். அங்கே படிப்பு நடந்தது முதல் சில மாதங்கள்தான். 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 20 ஆயிரம் டாலரை நெருங்கியபோது மாடியில் நிற்க இடமில்லை. 2018 ஏப்ரல் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி, இத்தொழில் செய்வோருக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு முடிவில் விலை 4 ஆயிரம் டாலருக்கும் கீழே போயிற்று. விலையோடு கூட்டமும் இறங்கியது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் தேதி அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2021 நவம்பரில் விலை 69 ஆயிரம் டாலர் வரை ஏறி, அடுத்த நவம்பரில் 16 ஆயிரத்துக்கு வந்தது. இடையில் 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், ஜூலை 1 முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் அமலுக்கு வந்தன. வத்தல் விலை ஏறும்போது மட்டும் மண்டிக்கு வருகிறவன் வியாபாரி ஆவதில்லை. காயின் விலையை நம்பிக் கூடிய கூட்டம் அது இறங்கியதும் கலைந்ததில் வியப்பில்லை.

ஆனால் காயின் வேறு, பிளாக்செயின் வேறு. பின்னது ஒரு பேரேடு. சிட்டை எழுதி, பேரேட்டில் பதிந்து வளர்ந்த நம்மைவிட இதை எளிதில் புரிந்துகொள்ளக் கூடியவர் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

இதன் மூலம் பிட்காயினுக்கும் முந்தியது. கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பத்திரத்தைப் பின்தேதியிட்டுத் திருத்த முடியாமல் செய்வது எப்படி என்று ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1991ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 1995 முதல் அவர்களது நிறுவனம், வாரம் முழுவதும் பதிவான பத்திரங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிட்டு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக வெளியிட்டு வந்தது. லட்சம் வீடுகளுக்குப் போய்விட்ட பத்திரிகையை யார் திருத்த முடியும்? சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் 2008 அக்டோபர் 31ஆம் தேதி வெளியிட்ட 9 பக்கக் கட்டுரைதான் இந்த யோசனையைப் பணத்துக்குக் கொண்டுவந்தது.

இதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து கடைக்காரர்கள் ஆளுக்கொரு நோட்டுடன் உட்காரட்டும். முதல் பக்கத்தில் 4,250, 1,875, 960 என்று மூன்று வரவுகள். கூட்டினால் 7,085. கடைசி மூன்று இலக்கமான 085 அந்தப் பக்கத்தின் முத்திரை. இரண்டாம் பக்கத்தை அந்த 85ஐ மேலே எழுதித்தான் தொடங்க வேண்டும். அதில் 3,400, 2,215. எல்லாம் சேர்த்து 5,700, முத்திரை 700. மூன்றாம் பக்கத்தில் 700உடன் 1,120, 6,480 சேர 8,300, முத்திரை 300. இனி, ஒருவர் இரவோடிரவாக முதல் பக்கத்தில் 960ஐ 690 என்று திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முத்திரை 815 ஆகும், இரண்டாவது 430 ஆகும், மூன்றாவது 030 ஆகும். ஓரிடத்தில் கை வைத்தால் கடைசிப் பக்கம் வரை இடிக்கும். அவர் எல்லாவற்றையும் திருத்தி எழுதினாலும் மற்ற நால்வர் நோட்டும் 300 என்றே சொல்லும்.

ஒரு வரியில் 270 குறைத்து இன்னொரு வரியில் 270 கூட்டிவிட்டால் முத்திரை மாறாதே என்று கேட்பவர் நல்ல கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் போடும் முத்திரை வெறும் கூட்டல் அல்ல. பிட்காயினில் அது 64 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. ஒரு காற்புள்ளி மாறினாலும் முழு வரிசையும் உருமாறிவிடும். நோட்டுகளும் ஐந்து அல்ல, உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இதில் ஒரு பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். திருத்த முடியாது என்பதற்கு உண்மை என்று பொருளில்லை. இரண்டாம் தர வத்தலை முதல் தரம் என்று பதிந்தால், அந்தப் பொய் திருத்தப்படாத பொய்யாக என்றைக்கும் இருக்கும். சென்ற ஆண்டு மளிகைக்கடை வைத்திருக்கும் சகோதரி ஒருவர், மாதம் 8 சதவீதம் தருவதாகச் சொன்ன ஒரு திட்டத்தின் அச்சிட்ட தாளுடன் என் கடைக்கு வந்தார். "பிளாக்செயின்ல ஏத்திட்டா யாராலயும் அழிக்க முடியாதாம் அண்ணாச்சி, அப்போ நம்ம பணம் பத்திரந்தானே?" என்பது அவர் கேள்வி. அழிக்க முடியாது என்பது திருடன் எடுத்துக்கொண்டு போனதாக எழுதிய பதிவுக்கும் பொருந்தும் என்று சொன்னேன். அவர் அதற்குள் 40 ஆயிரம் கட்டியிருந்தார். சீட்டு எடுத்து வைத்திருந்த மீதிப் பணம் தப்பியது. 2018இல் நாடு முழுவதும் பேசப்பட்ட கெயின்பிட்காயின் மோசடியிலும் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் என்றுதான் ஆசை காட்டினார்கள். ஒழுங்காகப் பதிவு செய்து நடந்த சந்தை ஒன்றிலேயே 2024 ஜூலையில் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் களவு போனது. இப்படிப்பட்ட தாளைக் கொண்டுபோய்க் காட்டி விசாரிக்க நமது ஊரில் இன்று ஓர் இடம் இல்லை. வட்டம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நம் தொழிலைச் சேர்ந்தது. ஒரு கடையின் சொந்தக் கணக்குக்கு பிளாக்செயின் தேவையே இல்லை. இப்போதுள்ள கம்ப்யூட்டர் கணக்கே போதும். வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒருவரையொருவர் முழுதும் நம்பாத பலர் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை. தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டிப் பதிய வேண்டியிருப்பதை அறிவார்கள். டி.எல்.டி. என்று சொல்லப்படும் அந்தப் பதிவு இவ்வகைப் பேரேடுதான். தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒன்றோடொன்று போட்டி போடும் டெலிபோன் கம்பெனிகள் அதைப் பொதுவாக வைத்திருக்கின்றன.

எல்லா இடத்திலும் இது கைகூடியதாகச் சொல்ல முடியாது. டென்மார்க் நாட்டு மேர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018இல் சரக்குப் பெட்டகங்களுக்காக டிரேட்லென்ஸ் என்ற பொதுப் பேரேட்டைத் தொடங்கின. போட்டிக் கம்பெனிகள் முதலில் தயங்கின. பிறகு சில பெரிய கம்பெனிகள் சேர்ந்தும், தொழில் முழுவதன் ஒத்துழைப்பு கிட்டவில்லை என்று கூறி 2022 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்தது, ஆட்கள் ஒன்றுசேரவில்லை. போட்டியாளர்களை ஒரே பாயில் உட்கார வைப்பது தலைமுறை தலைமுறையாக நமது சங்கம் செய்து வரும் வேலை அல்லவா?

மிளகாய் வத்தலையே எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எதிலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றை நிறுத்தின. அப்படி ஒரு கேள்வி நம் மண்டிச் சரக்கின் மீது எழுந்தால், எந்த லாரி, எந்தக் கமிஷன் கடை, எந்த ஊர்க் களம் என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? மூட்டை மாற்றிக் கட்டியவுடன் அடையாளம் போய்விடுகிறது. ஒருவர் செய்த தப்புக்கு மார்க்கெட் முழுவதும் பெயர் கெடும். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் வேறு வத்தலைக் கலந்து விற்பவரிடமிருந்து நேர்மையான வியாபாரி தன்னை எப்படிப் பிரித்துக் காட்டுவது? அமெரிக்காவில் வால்மார்ட் கம்பெனி வெட்டிய மாம்பழத் துண்டுகளின் பூர்வீகத்தைத் தேட ஏறக்குறைய 7 நாள் பிடித்ததை, பிளாக்செயின் சோதனையில் 2.2 விநாடியில் காட்டியது. ஆந்திராவின் மிளகாய், மஞ்சள் விவசாயிகளுக்கு இதுபோன்ற ஏற்பாடு செய்ய ஸ்பைசஸ் போர்டு 2021இலேயே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துடன் ஒப்பந்தம் செய்தது. நாளை இதெல்லாம் சட்டமாக வந்தால், விதிமுறை எழுதும்போது இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. வந்தபோது நாம் எவ்வளவு திணறினோம் என்பதை யாவரும் அறிவர்.

புதிய வட்டத்துக்கு நிர்வாகக் குழு சில நிபந்தனைகளை ஏற்றுள்ளது. காயின் விலை பேசுவதோ, ஆள் சேர்ப்பதோ, திட்டம் விற்பதோ கூடாது; மீறுபவர் பெயர் மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஏறும். பிள்ளைகள் மட்டும் கூடியதால்தான் பழைய வட்டம் தடம் மாறியது என்பது என் கருத்து. ஆகவே, ஒவ்வொரு கூட்டத்திலும் மூத்த வியாபாரிகள் இருவராவது இருப்பார்கள். சங்கத்தின் ஆடிட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வரி விவரம் சொல்ல ஒப்புக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் கூடினால் போதும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டியும், பண்டிகைச் சமயங்களிலும் கூட்டம் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரே வேலைதான். வத்தல் கமிஷன் கடைகள் ஐந்து, லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்று, சில்லறைக் கடைகள் நான்கு சேர்ந்து, முண்டு வத்தல் மூட்டைகளுக்கு மட்டும் ஒரு பொதுப் பேரேடு எழுதிப் பார்ப்பது. முதல் இரண்டு மாதம் தாளில், அதன்பின் கம்ப்யூட்டரில். கமிஷன் கடைகளில் மூவர் சம்மதித்துள்ளனர். மீதி இருவர், விலை விவரம் அதில் வராது என்ற உறுதியைக் கேட்கிறார்கள், அது நியாயமே. எடை, தரம், தேதி, கை மாறிய இடம் ஆகியவற்றை மட்டுமே எழுதுவதாகத் தீர்மானம் தயாராகிறது. பழைய வட்டத்து இளைஞர்களில் நால்வர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பொறுப்பு அவர்களுடையது. முதல் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் 40 பக்க நோட்டு ஒன்றும், தங்கள் கடையின் சென்ற மாதச் சிட்டையும் கொண்டு வந்தால் போதுமானது. தட்டிகளை அப்புறப்படுத்தி மாடி அறையைச் சுத்தம் செய்யும் வேலையை அலுவலகச் செயலாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.