வெளியேற்றியவர்கள் போய்விட்டார்கள், பொறுப்பும் போய்விட்டதா?

“அதைச் செய்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. இனி ஏன் கிளற வேண்டும்?” 1990 ஆம் ஆண்டு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் சமூகப் பணி செய்யும் என்னிடம் தமிழ்ப் பெண்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள், களைத்துப்போன முஸ்லிம் பெண்களும் கேட்டிருக்கிறார்கள். அந்த வெளியேற்றத்தின்போது பிறந்திராத ஒரு தமிழ்ப் பெண்ணாகவே இதற்குப் பதில் தேடுகிறேன்.

நடந்தது என்ன?

1990 ஒக்டோபர் பிற்பகுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்டது சில மணி நேரம் மட்டுமே. மன்னாரில் சில நாள் தவணை கிடைத்தது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் ஆகிய இடங்களின் மக்கள் கடற்கரையில் காத்திருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மன்னார் மாவட்டத்தவரே அதிகம். இப்படிச் செய்ய வேண்டாம் என்று மன்னார்த் தமிழர் சிலர் புலிகளிடம் கேட்டதும் பதிவில் உண்டு. அது ஏற்கப்படவில்லை.

இதில் பெண்கள் இழந்தது தனிக் கணக்கு. முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு என்பது மகளுக்குக் கொடுக்கும் சீதனம். வீடு போனபோது அவளுடைய பெயரில் இருந்த ஒரே சொத்தும் போனது. தனக்கென ஒரு முற்றம் வைத்திருந்தவள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியிருந்து, கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனாள். எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னது: “மகள், காசு கேட்டு நான் வரேல்ல. எங்கள வேணுமெண்டுதான் அனுப்பினது, நாங்களாப் போகேல்ல எண்டு யாராவது எழுதித் தரட்டும்.”

யார் பொறுப்பு?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் தலைமை இந்த வெளியேற்றம் குறித்து வருத்தம் தெரிவித்தது. அதே மாதம் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி உடன்பாடு செய்தார்கள். 2009 இல் யுத்தம் முடிந்தபின் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, அவர்களைப் “பழைய இடம்பெயர்ந்தோர்” என்று வகைப்படுத்தினார்கள். உதவிகளில் முதலிடம் புதிதாக இடம்பெயர்ந்தவர்களுக்கே போனது. 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இம்மக்களுக்குச் சீரான கொள்கை ஒன்று வேண்டும் என்றது. ஆயினும் வெளியேற்றத்துக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் விசாரித்ததில்லை.

இன்னொரு தீவின் கதை

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்ற சிறிய நாடு இருக்கிறது. சோவியத் ஆட்சியில் 1941 ஜூனில் சுமார் 10,000 பேரும், 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்டோரும் அங்கிருந்து சைபீரியா முதலிய இடங்களுக்கு ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். 1949 இல் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்தான். நாடு 1991 இல் சுதந்திரம் பெற்றபின், அந்த வேலையில் பங்குகொண்ட சிலர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். ஹீயுமா என்ற தீவிலிருந்து 251 பேரை அனுப்பியதில் பங்குண்டு என்று ஆர்னோல்ட் மேரி என்ற முதியவர் மீது 2008 இல் வழக்கு நடந்தது. அவர் ஹிட்லரின் படையை எதிர்த்துப் போரிட்டு சோவியத்தின் உயர்ந்த வீர விருதைப் பெற்றவர். 1941 இல் சிறுவனாக நாடுகடத்தப்பட்டுப் பின்னாளில் எஸ்தோனியாவின் ஜனாதிபதியான லென்னார்ட் மேரி அவருடைய உறவுச் சகோதரர். ஒரே குடும்பத்தில் ஒருவர் பாதிக்கப்பட்டவர், மற்றவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்.

அங்கும் விவாதம் எழுந்தது. எண்பது வயதைத் தாண்டிய நோயாளியை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள் சிலர். மேலிடத்துக் கட்டளைதானே, அவர் பெரிய வீரர் அல்லவா என்றார்கள் வேறு சிலர். தீர்ப்பு வருமுன் 2009 மார்ச்சில் மேரி இறந்துபோனார். ஆனால் வழக்கில்லாமல் செய்யக்கூடிய வேலையை எஸ்தோனியர்கள் நிறுத்தவில்லை. பெயர்களைத் தேடித் தொகுத்தார்கள். தலைநகர் தாலினில் 2018 இல் திறந்த நினைவிடத்தில், அந்த ஆட்சியில் மாண்ட 22,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

நமக்கு இதில் என்ன?

சகோதரிகளே, நம்மில் பலர் காணாமற்போன மகனின் படத்தை மார்போடு அணைத்து வீதியோரத்தில் இருந்தவர்கள். “முடிந்துபோனது, விட்டுவிடுங்கள்” என்று அதிகாரி சொன்னால் நமக்கு எப்படி நெஞ்சு எரிகிறது? அதே வார்த்தையை நாம் எருக்கலம்பிட்டித் தாயிடம் சொல்லலாமா? ஒருவர் ஓரிடத்தில் நமக்காக நின்றார் என்பதற்காக, வேறோரிடத்தில் அவர் செய்த அநியாயம் இல்லையென்று ஆகிவிடாது. தமிழருக்கு நடந்தவையும் இதனால் சிறுத்துவிடாது. 1990 இல் நாமும் மடுவில் அகதியாக இருந்தோம், கடல் கடந்து இராமேஸ்வரம் போனோம். நம் துன்பத்தை மற்றவர் நம்ப வேண்டும் என்றால், அவர்களுடைய துன்பத்தை நாமும் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

முசலிக் கரையில் இது நடைமுறையிலும் தெரிகிறது. கடற்படை எடுத்த தங்கள் கிராமத்தைக் கேட்டு முள்ளிக்குளத்துத் தமிழ்ப் பெண்கள் 2017 இல் போராடினார்கள். அயலூரான சிலாவத்துறையில் முஸ்லிம் பெண்களும் கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட காணியைக் கேட்டார்கள். கோரிக்கை ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, மூத்த பெண்களின் வாக்குமூலத்தைத் திகதி, ஊர், வீட்டு எல்லைகளோடு எழுதி வைப்பது. இரண்டாவது, காணி. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். பத்து வருடம் அனுபவித்தவருக்கே காணி என்ற விதியிலிருந்து யுத்தத்தால் வெளியேறியவர்களுக்குப் பாதுகாப்புத் தர 2016 இல் விசேட சட்டம் வந்தது. வழக்குத் தொடர அதில் இரண்டு ஆண்டுகளே தரப்பட்டன. பலருக்கு அது தெரியவே இல்லை. ஆகவே தகவல் தெரிந்தவள் அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டும், அவள் எந்த மதமாக இருந்தாலும்.

மூன்றாவது, அடுத்த முறை ஆணைக்குழுவோ அலுவலகமோ நம் ஊருக்கு வந்தால், தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே வரிசையில் போய் அமர்வோம். அந்தத் தாய் கேட்ட வார்த்தையை நம்மில் ஒருத்தி அங்கே சொல்லட்டும்: அவர்கள் தாமாகப் போகவில்லை.