ரேடார் பார்த்தால் கார் நிற்குமா? நின்றிருக்கிறதே, தெரியுமா?

கடலோரச் சாலையில் கார் சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று இன்ஜின் அணைகிறது! விளக்குகள் போய்விடுகின்றன! வேகமானி முள் தன்னிஷ்டத்துக்கு எகிறுகிறது! 2005 கடைசியில் தொடங்கி 2006 ஆரம்பம் வரை, இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் டிரிமிங்ஹாம் கிராமத்தை ஒட்டிப் போன பல கார்களுக்கு இந்தக் கதி. பேய் பிசாசு என்று கிளம்புமுன் பார்த்தால், பக்கத்திலேயே விமானப்படையின் ரேடார் நிலையம்! அதன் கற்றை திசை பிசகிப்போனதை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

அதெப்படி என்கிறீர்களா? ரேடார் விடாமல் கத்துவதில்லை. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். பிறகு அடுத்த துடிப்பு. 10 லட்சம் வாட் உச்சத்தில், மைக்ரோ விநாடி நீளத் துடிப்புகளை விநாடிக்கு 1,000 முறை அனுப்பினாலும் சராசரி வெறும் 1,000 வாட்தான். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அவ்வளவு இழுக்கும்! ஆனால் எலெக்ட்ரானிக்ஸைக் கலங்கடிப்பது அந்த உச்சம். காருக்குள் ஓடும் வயர் ஒவ்வொன்றும் யாரும் கேட்காமலே ஆன்டெனா ஆகிவிடும். சென்சார் அனுப்பும் மெல்லிய சிக்னலோடு ரேடார் துடிப்பும் சேர்ந்து வந்தால், பாவம், இன்ஜின் கம்ப்யூட்டர் எதை நம்பும்?

இதெல்லாம் ஒரு சாலையோடு போச்சு. 1976 முதல் 1989 வரை உலகத்துச் சிற்றலை ரேடியோக்களையே படுத்தி எடுத்தது ஒரு சோவியத் ரேடார், தெரியுமா? பெயர் துகா. விநாடிக்கு 10 தரம் ‘டக் டக் டக்’! வானொலி ஆர்வலர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ரஷ்ய மரங்கொத்தி’. அந்தத் தட்டலை வெட்டி எறியவென்றே ரேடியோக்களில் தனிச் சுற்று வைத்தார்கள் என்றால் எரிச்சலின் அளவைப் பாருங்கள். அதன் சுமார் 150 மீட்டர் உயர ஆன்டெனாச் சுவர் செர்னோபில் அருகே இன்றும் நிற்கிறது.

ரேடியோவே இல்லாமல் மண்டைக்குள் ‘டிக் டிக்’ கேட்குமா? கேட்கும்! ரேடார் அருகே வேலை பார்த்தவர்கள் சொன்னதை ஆலன் ஃப்ரே என்ற அமெரிக்கர் சோதித்து 1960களின் தொடக்கத்தில் எழுதினார். துடிப்பு பட்டதும் தலைக்குள் வெப்பம் துளியூண்டு, உணரவே முடியாத அளவு, ஏறுகிறது. திசு சட்டென்று விரிகிறது. அந்த அழுத்த அலை உட்செவியைத் தட்டுகிறது.

நமக்கே இப்படியென்றால், காதை நம்பியே பிழைக்கும் வவ்வால்? ஸ்காட்லாந்தில் ரேடார் நிலையங்களுக்கு அருகே வவ்வால் நடமாட்டம் குறைவதை நிக்கல்ஸ், ரேசி என்ற இருவர் 2007இல் கண்டார்கள். பிறகு படகில் பொருத்தும் சின்ன ரேடாரை வவ்வால்கள் இரை தேடும் இடத்தில் வைத்தே பார்த்தார்கள். பூச்சிகள் குறையவில்லை, வவ்வால்கள்தான் குறைந்தன! சாப்பாடு இருந்தும் பந்தியைவிட்டு எழுந்துபோக வைத்தது எது? உடம்பில் ஏறும் சூடா, அந்த ‘டிக் டிக்’கா? இரண்டையும் சந்தேகிக்கிறார்கள். (மிக்-25 போர் விமானத்தின் ரேடாரைப் போட்டால் ஓடுபாதை முயல் செத்துவிழும் என்பது விமானப்படைகள் ரசித்துச் சொல்லும் கதை, நான் நம்பத் தயாரில்லை.)

உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கும் ரேடார் பயம் உண்டு, தெரியுமா? 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடாருக்குச் சொந்தம். அவற்றில் நுழையுமுன் ரவுட்டர் 60 விநாடி உற்றுக்கேட்க வேண்டும். வானிலை ரேடார்களின் சேனல் என்றால் ஐரோப்பாவில் 10 நிமிடம்! ரேடார் சத்தம் கேட்டதோ, உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும். விமான நிலையத்துப் பக்கம் குடியிருப்பவரின் படம் பாதியில் சுற்றிக்கொண்டு நிற்பதற்குச் சில நேரம் இதுவே காரணம்.