விடையைப் பிரசுரிப்பது குற்றமா?

கம்ப்யூட்டர் கம்பெனிகள் உத்தியோகத்திற்கு ஆள் எடுக்குமுன் கோடிங் பரீட்சை ஒன்று வைக்கின்றன. கணக்கொன்றைக் கொடுத்து, குறித்த நேரத்திற்குள் அதைத் தீர்க்கும் நிரலை எழுதச் சொல்வது வழக்கம். எழுதிய இளைஞர் பலர் தம் விடைகளை இணையத்தில் யாவரும் காண இடுகின்றனர். இது நம்பிக்கைத் துரோகம் என்கின்றன கம்பெனிகள். கற்றதைப் பகிர்வது எவ்வாறு குற்றமாகும் என்கின்றனர் இளைஞர்.

இவ்வழக்கை உத்திரமேரூருக்குக் கொண்டுபோக விரும்புகிறோம். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய சபை விதிகள் இன்றும் உள்ளன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிடுவர். முதிய நம்பி ஒருவர் அக்குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளிருப்பது அறியாத பாலன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று, உரக்க வாசிப்பான். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. முறையின் நுட்பமே நமக்கு வேண்டுவது. விதி என்றும் பகிரங்கம். ஓலை எடுக்கும் கணம் வரையில் மறைவு. எடுத்தபின் அதுவும் பகிரங்கம்.

பரீட்சை நடக்கும்போதே விடையை அனுப்புவதும், அதே வினா மற்றோர் ஊரார்க்கு வரவிருக்கையில் வெளியிடுவதும் குடத்துள் எட்டிப் பார்த்தலேயாகும். வெளியிடோமென்று ஒப்பி எழுதியவர் வாக்குத் தவறுதலும் முறையன்று. கம்பெனியின் வினா வாசகத்தை அப்படியே பெயர்த்திடவும் கூடாது. ஆயின், காலம் கடந்தபின் தானே சிந்தித்துக் கண்ட தீர்வை ஒருவர் விளக்குவதில் என்ன பிழை? பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைக் காக்குமேயன்றி யுக்தியைக் காப்பதில்லை. வினாத்தாளைக் கசியவிடுவோர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும் 2024ஆம் வருஷத்து மத்திய சட்டமும் சர்க்கார் பரீட்சைகளைப் பற்றியதே. கம்பெனிப் பரீட்சைகளை அது தொடவில்லை. தமிழ்நாடு தேர்வாணையமோ, தேர்வு முடிந்ததும் விடைக் குறிப்பைத் தானே வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறது.

பட்டணத்துப் பெரிய கல்லூரி மாணாக்கர்க்கு, மூத்த மாணாக்கர் வாயிலாகப் பழைய வினாக்கள் எட்டிவிடுகின்றன. பணமுள்ளோர் பயிற்சி வகுப்பில் பெறுகின்றனர். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வரும் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு யார் சொல்வார்? பகிரங்கமான விடையைத் தடுத்தால் இரகசியமான விடை ஒழிந்துவிடாது. முன்னமே வைத்திருப்போர் கையில் அது பத்திரமாயிருக்கும். ஒரே வினாவை வருஷந்தோறும் கேட்டுவிட்டு, விடை ஊரறிந்துவிட்டதே என்று அங்கலாய்ப்பது நமக்கு விளங்கவில்லை.

எந்தத் தேதிவரை மறைவு என்பதைக் கம்பெனிகள் வினாவின் தலைப்பிலேயே குறிக்கட்டும். மனப்பாடம் செய்து வந்தவனை எவ்வாறு அறிவதென்று கேட்கிறார்கள். அவன் எழுதிய நிரலில் ஒரு நிபந்தனையை மாற்றி, எதிரில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதற்கு ஒரு மனிதரை அமர்த்தவேண்டும். அந்தச் செலவுக்குத்தான் கம்பெனிகள் தயங்குகின்றன போலும்.