முப்பது டன் பெட்டியும் நாலு லாக்கும்

எர்ணாவூர் டீக்கடையில் கன்டெய்னர் ட்ரெய்லர் கிளீனர் பையன் ஒருவன் கேட்டான்: "பொட்டி முப்பது டன்னுண்ணே. அது எங்க போவப் போவுது? நாலு மூலைலயும் லாக் போடு லாக் போடுன்னு டிரைவர் உயிர வாங்குறாரு."

"போவும் தம்பி. வண்டி ஓடும்போது இல்ல, நிறுத்தும்போது."

அவன் நம்பவில்லை. கனமான பொருள் இருந்த இடத்திலேயே கிடக்கும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம். பாதி சரி. நிற்கும் கனத்தை நகர்த்துவது கடினம். நகரும் கனத்தை நிறுத்துவதும் அதே அளவு கடினம். இந்த இரண்டாவது பாதி நம் கண்ணில் படுவதில்லை. தள்ளுவண்டியைத் தள்ளாமல் விட்டால் நின்றுவிடுகிறது. அதனால் ஓட்டத்துக்குத்தான் விசை வேண்டும், நிற்பது தானாக நடக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். உண்மையில் வண்டியை நிறுத்துவது உராய்வு. அது இல்லாவிட்டால் வண்டி அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். 1687இல் நியூட்டன் எழுதிய முதல் விதி இதுதான்.

இப்போது ட்ரெய்லருக்கு வருவோம். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது, சாலை சக்கரத்தைப் பிடிக்கிறது, சேசிஸ் நிற்கிறது. மேலே உள்ள பெட்டியைப் பிடிப்பது யார்? லாக் இல்லையென்றால் இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டும்தான். "அதான் கனமா இருக்கே, நல்லா அழுத்திப் பிடிக்காதா?" என்றான். நல்ல கேள்வி. கனம் கூடினால் பிடிமானம் கூடும். ஆனால் நிறுத்தத் தேவையான விசையும் அதே மடங்கு கூடும். லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி.

டீத்தட்டில் காலி கிளாஸ் ஒன்றும் பாதி டீ உள்ள கிளாஸ் ஒன்றும் வைத்துத் தட்டை மெதுவாகச் சாய்த்துக் காட்டினேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாய்வில் வழுக்கத் தொடங்கின. மாஸ்டர் முறைத்தார்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் முப்பது டன் பெட்டியை நான்கு நொடியில் நிறுத்த, ஏறக்குறைய எட்டரை டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் மழைநீரும் உள்ள இரும்பு அவ்வளவு பிடிக்காது. மிச்சத்தை லாக் பிடிக்கிறது. ரவுண்டானாவில் திரும்பும்போதும் இதே கதைதான்: சேசிஸ் வளைகிறது, பெட்டி நேராகப் போகப் பார்க்கிறது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை டிரைவரிடம் சொல்லச் சொன்னான்.

சாலையிலாவது பிடித்துக்கொள்ளத் தார் இருக்கிறது. கடலில் கப்பலுக்குத் தண்ணீரைத் தவிர வேறில்லை. முழு வேகத்தில் வரும் சரக்குக் கப்பல், ப்ரொப்பெல்லரைத் திருப்பிச் சுழற்றினாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, அங்கே எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், 32,000 டன்னுக்கு மேல் பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரமும் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கெட்டியாகப் படிய, அதை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். தவறு யாருடையது என்பது வேறு விஷயம். இயற்பியல் சொல்வது இது: 32,000 டன் சரக்கு வெறும் நடை வேகத்தில் நகர்ந்தாலே, 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் முப்பது டன் பெட்டிகள் நான்குக்குரிய ஆற்றல் அதில் இருக்கும். கப்பல் மெதுவாக வருகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

காசிமேட்டு விசைப்படகுகளின் பக்கவாட்டில் பழைய லாரி டயர் தொங்குவதும் இதற்காகத்தான். டயர் அமுங்க நேரம் எடுக்கிறது. நிற்பதற்கு எடுக்கும் நேரம் பத்து மடங்கானால் சராசரி விசை பத்தில் ஒன்றாகும், பலகை உடையாமல் தப்பும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கயிறுதான். கரையிலுள்ள இரும்புத் தூணில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ஒற்றைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் படகையே நிறுத்திவைப்பார். பலசாலி என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுக்குச் சுற்று உராய்வு கூடுவதில்லை, பெருகுகிறது. சாதாரணக் கயிற்றில் ஒரு சுற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றால், மூன்று சுற்று நூறு மடங்கைத் தாண்டும். கையில் பத்து கிலோ பிடித்தால் மறுபக்கம் ஒரு டன் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குச் சமன்பாடு எழுதினார். துறைமுகக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஒரு டன்னு எங்கண்ணே போவுது?"

தூணுக்கு. தூண் அதே அளவு விசையால் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுக்கிறது, மூன்றாம் விதி. இரண்டு பக்க இழுப்புக்கும் நடுவே மாட்டிய நைலான் கயிறு ரப்பர்போல் நீண்டு ஆற்றலைச் சேர்த்துவைத்திருக்கும். அறுந்தால், அந்த ஆற்றல் முழுவதும் கயிற்று நுனியில் ஏறிச் சாட்டையாகத் திரும்பும். இறுகிய கயிற்றுக்கு நேராக நிற்கிறவனைக் கரையில் உள்ளவர்கள் அவன் அப்பன் ஆத்தாளையும் சேர்த்துத் திட்டுவது அதனால்தான்.