பாம்புக் கடியும் முதல் ஒரு மணி நேரமும்

நெற்கதிர் அறுக்கும் கையும், இரவில் மடை திறக்கச் செல்லும் காலும் பாம்பின் வாய்க்கு எட்டும் தூரத்திலேயே என்றும் இருக்கின்றன. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாம்புக் கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். மிகப் பலர் ஆஸ்பத்திரி வாசலைக் காணாமலே இறந்தவர்கள். மருந்து இருந்தும் உயிர் போகிறதென்றால், இடையில் வீணாகும் நேரமே அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நம் நாட்டில் மிகுதியாக உயிர் குடிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதலிரண்டின் விஷம் நரம்புகளைத் தாக்கும். இமை சரியும், நாக் குழறும், மூச்சுத் திணறும். பின்னிரண்டின் விஷம் இரத்தத்தை உறையவொட்டாமல் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும், ஈறிலிருந்தும் இரத்தம் கசியலாம். கட்டு விரியனிடம் தனி எச்சரிக்கை தேவை. தரையில் உறங்குவோரை அது இரவில் கடிக்கும். வலியோ தடமோ பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைச் சரிவும் கண்டால் இக்கடியைச் சந்தேகிக்க வேண்டும்.

கடியுண்டவருக்கு முதலில் தைரியம் சொல்லுங்கள். அவரை நடக்க விடலாகாது. மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிந்தால் செய்வதுபோல், மூங்கிற் பட்டையோ பலகையோ வைத்து, இரத்த ஓட்டம் தடைபடாதபடி துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். வாந்தியோ மயக்கமோ இருப்பின் இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108 வண்டியை அழையுங்கள்; அது வரத் தாமதமாகுமெனில் கிடைத்த வண்டியில் உடனே புறப்படுங்கள்.

செய்யத் தகாதவை எவை? கயிற்றால் இறுக்கிக் கட்டுவது முதல் தவறு. இறுகிய கட்டினால் உறுப்பு அழுகலாம்; அவிழ்த்ததும் தேங்கிய விஷம் ஒருங்கே உடலில் பாயலாம். கத்தியால் கீறினால், உறையாத இரத்தம் நிற்காமல் பெருகும். வாயால் உறிஞ்சுவதால் பயனில்லை. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்றால் இன்னொருவரும் கடிபட நேரும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. ஆகவே பாம்பைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை.

மந்திரித்துப் பிழைத்தோர் உண்டே என்று சிலர் கேட்கலாம். பாம்புகளிற் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பும் சில வேளை விஷம் இறக்காமல் கடிக்கும். அப்படிப்பட்டவரே மந்திரத்தால் பிழைத்தவராக ஊரில் பேசப்படுகிறார். விஷம் ஏறியவருக்கோ அந்த நாழிகைகள் திரும்பக் கிடைப்பதில்லை.

விஷமுறிவு மருந்தின் வரலாற்றில் கூட்டுறவுக்கும் பங்குண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வாணிபம் தடைபட்டு, அதனை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பிழந்தனர். 1978-இல் அவர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்புகளின் விஷத்தை எடுத்தபின் அவற்றை உயிருடன் காட்டில் விடுகின்றனர். சிறிதளவு விஷத்தைக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்தே மருந்து தயாராகிறது. நெடுங்காலமாக இந்திய மருந்துக் கம்பெனிகள் பெரிதும் இச்சங்கத்தின் விஷத்தையே சார்ந்து வந்துள்ளன. இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் கிடைக்குமென முன்கூட்டியே விசாரித்து, அதன் பெயரையும், வண்டி வைத்திருப்போர் தொலைபேசி எண்களையும் சங்க வாயிலில் எழுதி வைக்கலாம். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியையும் கைவிளக்கையும் சங்கப் பண்டசாலை மூலம் தவணையில் வழங்கலாம். உழவர் விளக்கின்றி வரப்பில் இறங்க வேண்டாம். நெசவாளர் தறிக்குழியில் விளக்கடித்துப் பார்த்தபின் கால் வைக்கட்டும். தரையில் படுப்போர் பாயைச் சுற்றிக் கொசுவலையைச் செருகிக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியை இன்றே தெரிந்து வைத்துக்கொள்வோமாக.