எட்டாவது பிட்டுக்காகக் காத்திருந்த தமிழ்

ஏற்காட்டு மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் பள்ளி மாணவி ஒருத்தி கைபேசியில் தமிழில் ஒரு செய்தி தட்டி அனுப்புகிறாள் என்றால், அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, கைபேசியை இயக்கும் ஆர்ம் வகைச் சில்லின் கதை. மற்றொன்று, அவள் தட்டும் எழுத்துகளுக்குக் கணினிக்குள் இடம் கிடைத்த கதை. அந்தச் சில்லுக்கு முன்னோடியான கணினி 40 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் தமிழ் எழுதச் சரியான வழி இல்லை.

1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்துவதே நோக்கம். முதல் கட்டத்தில் 250 பள்ளிகள். தேர்ந்தெடுத்த கணினி பிபிசி மைக்ரோ. பிபிசியின் கணினிக் கல்வி நிகழ்ச்சிகளுக்காக இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்டது அது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்களான சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும்தான் அடுத்து ஆர்ம் சில்லையும் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சில்லு இயங்கியபோது, அதைப் பொருத்திப் பார்த்ததும் ஒரு பிபிசி மைக்ரோவில்தான்.

பிபிசி மைக்ரோவின் நினைவகம் 32 கேபி. இன்றைக்குக் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. வரிக்கு 80 எழுத்து காட்டும் திரை வேண்டுமென்றால், அந்தத் திரைக்கு மட்டுமே 16 முதல் 20 கேபி வரை போய்விடும். மிச்சமிருப்பதிலும் ஒரு பங்கைக் கணினி தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் வேர்டுவைஸ், வியூ போன்ற சொற்செயலிகள் தனி ரோம் சில்லில் பதிந்து விற்பனைக்கு வந்தன. மென்பொருள் சில்லில் இருந்துகொள்ளும்; நினைவகம் கட்டுரைக்கு மிஞ்சும்.

இந்தக் கணினியில் ஒரு நல்ல வசதி இருந்தது. புதிய எழுத்து வடிவங்களை நாமே வரைந்து சேர்க்கலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் 8 வரிசை, 8 நிரல் கொண்ட 64 புள்ளிக் கட்டம். ஒரு வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எந்தெந்தப் புள்ளி எரிய வேண்டுமோ அவற்றின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கான எண் வந்துவிடும். ‘ட’ வரைய வேண்டுமா? முதல் ஆறு வரிசைக்கும் இரண்டாவது கட்டம் மட்டும் எரிய வேண்டும்: 64. ஏழாவது வரிசையில் அடிக்கோடு: 64, 32, 16, 8, 4, 2 கூட்டினால் 126. கடைசி வரிசை 0. எட்டே எண்களில் ஒரு தமிழ் எழுத்து திரையில் வந்து நிற்கும்.

‘ட’வுக்குச் சரி. ‘ண’வுக்கு? ‘ஞூ’வுக்கு? எட்டுப் புள்ளி அகலத்தில் அத்தனை சுழிகளும் எப்படி அடங்கும்! எண்ணிக்கையும் உதைத்தது. 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. துணைக்காலையும் கொம்புகளையும் தனியே பிரித்துவிடலாம். ஆனால் மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகியவற்றைப் பிரிக்க முடியாது. தட்டச்சுப் பொறியில் புள்ளி விசையைத் தட்டினால் காகிதம் நகராது. புள்ளி எழுத்தின் தலைமேலேயே விழும். ஆனால் கணினித் திரையில் ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம்தான். எனவே ‘க’ தனி, ‘க்’ தனி, ‘கி’ தனி. இப்படிக் கணக்குப் போட்டால் கிரந்த எழுத்துகளை விட்டும் சுமார் 125 வடிவங்கள் வேண்டும். பிபிசி மைக்ரோ நேரடியாகத் தந்தது 32 இடம்.

அலுவலகத்திலும் இதே நெருக்கடிதான், வேறு வடிவில். சொற்செயலி வரும்வரை கடிதத்தில் ஒரு வரி மாறினாலும் கார்பன் தாள் வைத்து முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். பள்ளிகளில் வினாத்தாளுக்கு ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எடுப்பார்கள். எழுபதுகளின் இறுதியில் வெளிவந்த வேர்டுஸ்டார் என்ற சொற்செயலி அந்த உழைப்பைக் குறைத்தது. கண்ட்ரோல் விசையோடு கே, பி தட்டினால் பத்தியின் தொடக்கத்தைக் குறிக்கலாம். கே, கே முடிவைக் குறிக்கும். கே, வி தட்டினால் பத்தி முழுதும் இடம் மாறும். எண்பதுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் கணினிப் பயிற்சி மையங்களின் பாடத்திட்டமே டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்றுதான் இருந்தது.

அந்த வேர்டுஸ்டாரில் தமிழ் ஏன் எளிதில் நுழையவில்லை? அன்றைய கணினி ஓர் எழுத்தை எட்டு பிட்களில், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்களில், வைத்தது. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாவற்றுக்கும் ஆஸ்கி என்ற தரம் ஏழு பிட்களே எடுத்துக்கொண்டது. அதில் 128 இடங்கள். எட்டாவது பிட்டையும் சேர்த்தால் இன்னும் 128 இடங்கள். நமக்குத் தேவை சுமார் 125. தமிழ் உட்கார அளவெடுத்துச் செய்த இடம்! ஆனால் வேர்டுஸ்டாரின் தொடக்கப் பதிப்புகள் அந்த எட்டாவது பிட்டைத் தம் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டன. வரிகளை இரு ஓரமும் சீராக்குவதற்காக, சொல் முடியும் இடத்தை அதன் கடைசி எழுத்தின் எட்டாவது பிட்டில் குறித்தன. அங்கே தமிழைக் குடியேற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே தமிழுக்கென்றே மென்பொருள் எழுத வேண்டியதாயிற்று. கனடாவில் கு. சீனிவாசன் ‘ஆதமி’ உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ உருவாக்கினார். ஐஐடி கான்பூரில் முளைத்த ஆராய்ச்சி, சி-டாக் நிறுவனத்தின் ‘ஜிஸ்ட்’ அட்டையாகி, கணினிக்குள் செருகினாலே இந்திய மொழிகளைத் திரையில் காட்டியது. இந்த முயற்சிகள் இல்லையென்றால் கணினித் தமிழ் பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கும்.

ஆளுக்கொரு வழி பிறந்ததில் ஒரு சிக்கலும் பிறந்தது. எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற குறியேற்றம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறியது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழக அரசு தரமாக்கியது. உலக மொழிகளுக்குப் பொதுவான யுனிகோடு குறியேற்றத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. இன்று உலகின் எந்தக் கைபேசியிலும் ‘க’வுக்கு ஒரே எண்தான்.

இந்த வெற்றியால் நாம் இரண்டு காரியங்களை மறந்துவிடக் கூடாது. முதலாவது, பள்ளியில் 64 கட்டப் பயிற்சி. அதற்குக் கணினியே வேண்டாம். கட்டம் போட்ட நோட்டு போதும். மின்சாரம் இல்லாத பிற்பகலில் ஏற்காட்டு மலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இதை நடத்தலாம். தன் பெயரைத் தானே எண்களாக மாற்றிப் பார்த்த பிள்ளைக்குக் கணினி மந்திரப் பெட்டி அல்ல என்பது புரியும்.

இரண்டாவது இன்னும் அவசரம். 1985-க்கும் 2010-க்கும் இடையே பழைய குறியேற்றங்களில் அடித்த அலுவலகக் கோப்புகள், மலர்கள், ஆய்வேடுகள், நூல்கள் பல இன்னும் ஃபிளாப்பிகளிலும் குறுந்தகடுகளிலும் கிடக்கின்றன. ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. அதைப் படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது. ஆனால் பழைய எழுத்துருக்களை யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு நூலகமும், கல்லூரியும், அச்சகமும் தன் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூட அமர்த்திக்கொண்டு இந்த வேலையை இப்போதே முடித்துவிட வேண்டும்.